எழுவான்கரையில் ஒரு வீடு

சிலப்பதிகாரத்தைக் கற்றவர்கள் புகார் நகரின் இரு பாக்கங்களை மறந்திருக்கமாட்டார்கள். கடலை ஒட்டிக் கிடந்தது மருவூர்ப்பாக்கம். அதற்கு உட்புறமாக அமைந்தது பட்டினப்பாக்கம். முன்னதிலே பரதவரும் யவனரும் பலவகைத் தொழிலாளரும் வாழ்ந்தனர். பின்னதிலே அரசரும் அந்தணரும் பெருங்குடி வணிகரும் வாழ்ந்தனர். இரண்டுக்கும் இடைப்பட்ட மரஞ்செறிந்த வெளியில் நாளங்காடி கூடிற்று. வகுப்பறையில் இப்பகுதி நகர வருணனையாகக் கற்பிக்கப்படுகிறது. வீடு வாங்கப் புறப்பட்டவனோ இதனை வேறு கண்ணோடு படிப்பான். கடலுக்கு எவ்வளவு அருகில் குடியிருப்பது, எவ்வளவு விலகிக் குடியிருப்பது என்பது நெய்தல் நிலத்து மக்களின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. அப்புகாரைக் கடல் கொண்டது என மணிமேகலை கூறுகிறது. காப்பியத்துக் கற்பனை என்று அதனை எளிதில் ஒதுக்கிவிட, 2004ஆம் ஆண்டின் பின்னர் கீழ்க்கரையில் வாழும் எம்மால் இயலவில்லை.

மட்டக்களப்பின் நில அமைப்பை அறியாத அன்பர்களுக்காக அதனைச் சிறிது விளக்குதல் தகும். வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி, நிலத்தை இரு கரைகளாகப் பிரிக்கிறது. ஞாயிறு எழும் திசையில், கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கி ஓடும் மணல்நிலம் எழுவான்கரை. ஞாயிறு படும் திசையில், வயலும் குளமும் நிறைந்து பரந்த நிலம் படுவான்கரை. ஒன்று நெய்தல், மற்றது மருதம். இவ்விரண்டு சொற்களையும் யார் ஆக்கினரோ அறியோம். எனினும் இவற்றினும் பொருத்தமான பெயர்களை எந்தப் புலவராலும் சூட்ட முடியாது. வாவியின் நடுவே பழைய நகரமாகிய புளியந்தீவு அமைந்திருக்கிறது. போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அங்கேதான் உண்டு. நகரையும் கல்லடியையும் இணைத்து 1924இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலம், தேசாதிபதி மனிங் என்பவரின் பாரியார் பெயரைத் தாங்கி நின்றது. அதன் அருகே 2013இல் புதிய அகன்ற பாலம் திறக்கப்பட்டது. நிலாக்காலத்து இரவுகளில் மீன் பாடும் என்று கூறப்படுவது இப்பாலத்தின் அயலிலேதான். வாவியின் நீரரமகளிரைப் பாடிய விபுலாநந்த அடிகளின் சமாதியும், 1929இல் தோன்றிய சிவானந்த வித்தியாலயமும் பாலத்துக்கு அப்பால் கல்லடி உப்போடையில் உள்ளன.

இப்பகுதியிலே வீடு வாங்குதல் பிற இடங்களில் வாங்குவதனின்றும் ஒருவகையில் வேறுபட்டது. மட்டக்களப்பில் வீடு என்பது பெண்ணின் பொருள். மகள் மணமாகும்போது வீட்டையும் வளவையும் அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பதும், மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதும் இங்குத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் நிலவும் வழக்கம். முற்காலத்தில் முக்குவர் சட்டம் தாய்வழி உரிமையைப் பேணிற்று. 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றுக்கொண்டது. ஆனால், வீடு மகளுக்கே என்ற எண்ணம் மக்கள் மனத்தினின்றும் அகலவில்லை. ஆழிப்பேரலையின் பின்னர் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகள் பலவற்றைக் குடும்பத் தலைவர் என்ற முறையில் ஆண்களின் பெயருக்கு எழுதியபோது, இம்மாவட்டத்துப் பெண்கள் முணுமுணுத்ததன் காரணம் இதுவே. தாயிடமிருந்து பெற்ற வளவைக் கடலுக்குப் பறிகொடுத்தவளுக்குக் கணவன் பெயரில் ஒரு வீடு கிடைத்தால், இழப்புப் பாதியே ஈடுசெய்யப்பட்டதாகும்.

எனக்கு ஒரே மகள். அவளும் ஆசிரியை, கல்லடியிலே படிப்பிக்கிறாள். என் ஓய்வூதியப் பணிக்கொடையும், மனைவி சிறுகச் சிறுகச் சேர்த்த நகையும் சேர்ந்து ஒரு வீட்டின் விலையை எட்டக்கூடும் என்று கணக்கிட்ட பின்னர், மூன்று இடங்கள் எங்கள் முன் நின்றன: கல்லடியின் கடற்கரைப் பக்கம், புளியந்தீவு, உப்போடைக்குத் தெற்கே வாவிக்கரை.

முதலாவது இடத்தைப்பற்றி எழுதுவது எனக்கு எளிதன்று. அது என் மனைவியின் தாய்வளவு. திருச்செந்தூர் முருகன் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் அமைந்த இருபது பேர்ச்சஸ் நிலம். அது அவளுடைய தங்கைக்குச் சீதனமாகச் சென்றது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள், நத்தாரின் மறுநாள். காலை ஒன்பது மணியை அண்டிய வேளையில் கடல் வந்தது. தங்கை மணமாகி ஏழு மாதங்களே ஆகியிருந்தன. கணவர் அலுவலாக ஏறாவூர் சென்றிருந்ததால் அவர் எஞ்சினார். அன்று நாடெங்கும் மாண்டோர் முப்பதினாயிரத்துக்கும் அதிகம். முகத்துவாரத்தை நோக்கி நீண்டு செல்லும் மணல்திடலில் அமைந்த நாவலடி என்ற ஊரே அழிந்தது. எஞ்சியோர் பின்னர் திராய்மடுவில் குடியேற்றப்பட்டனர். பறங்கியர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த டச்பார் சிதைந்தது. அலைக்குப்பின் சாய்ந்தபடி நின்ற திருச்செந்தூர்க் கோயிற் கோபுரத்தின் படம் பல பத்திரிகைகளில் வெளிவந்தது.

தங்கைக்குப் பிள்ளை இல்லை. ஆகவே சட்டப்படி வளவின் பாதி கணவருக்குச் சேர்ந்தது; மறுபாதி, தாயின் காலத்தின் பின், முழுவதும் என் மனைவியிடம் வந்தது. மகளுக்கு வீடு தேடுகிறோம் என்று கேள்வியுற்ற அவர், தம்முடைய பாதியைக் குறைந்த விலைக்குத் தர முன்வந்தார். நல்ல மனத்தோடு சொன்ன சொல் அது. பேர்ச் ஒன்றின் விலையைக் கருதினால், மற்ற இரு இடங்களும் அதற்கு அருகேயும் வரமாட்டா. மகள் கற்பிக்கும் பாடசாலை நடைதூரம். கச்சான் காற்றுத் தீயாக வீசும் மாதங்களிலும் பிற்பகலிற் கடற்காற்றுத் தவறாது வரும்.

சட்டம் என்ன கூறுகிறது என்று முதலில் ஆராய்ந்தேன். 2005இல் வடக்குக் கிழக்குக் கரைகளில் 200 மீற்றருக்குள்ளும், பிற கரைகளில் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என அரசாங்கம் அறிவித்தது. மீனவர் தொழிலையும் உறுதிக்காணி உடையவர் உரிமையையும் அது தாக்கியதால் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. ஆயினும், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் அதற்கு முன்பே நடைமுறையில் இருந்தது. அது இன்றும் உண்டு. சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதனுள் கட்டடம் எழுப்ப, உரிய திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடலோடு தொடர்புடைய ஆறு, வாவி ஆகியவற்றின் வாயிலை அண்டிய இடங்களில் அவ்வலயம் 2 கிலோமீற்றர் வரை உட்செல்லும். கரையோரத்திலே காணி வாங்குவோரிற் பலர் உறுதியை மட்டும் பார்த்து, இதனைப் பாராது விடுகின்றனர். உறுதி செம்மையாக இருத்தல் வேறு. அந்நிலத்தில் விரும்பியபடி கட்டமுடிதல் வேறு.

அடுத்து நீர். எழுவான்கரையின் கிணறுகள் இயற்கையின் ஓர் அற்புதம். இருபுறமும் உவர்நீர் சூழ்ந்திருக்க, நடுவே தோண்டிய மணற்கிணற்றில் நன்னீர் ஊறுகிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது. ஆகையால் மாரியில் மணலினுள் இறங்கும் மழைநீர், கீழுள்ள உவர்நீரின்மேல் ஒரு கண்ணாடி வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்குமேல் 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலார் கூறும் கணக்கு. ஆகவே மேலேயுள்ள சிறிதளவை இயந்திரத்தால் இறைத்து வீணாக்கினால், கீழேயுள்ள பேரளவை இழக்கிறோம். அலை வந்த பின்னர் கிணறுகள் எல்லாம் உவர்த்தன. இறைத்து எறிந்தால் நன்னீர் ஊறும் என்று கருதிப் பலரும் இறைத்தனர். அளவுமீறி இறைத்த இடங்களிற் கீழிருந்த உப்பு மேலெழுந்தது. ஈற்றில் மாரி மழைகளே அக்கிணறுகளைக் கழுவிக் காத்தன. இக்காலத்தில் உன்னிச்சைக் குளத்து நீர் குழாய்வழி வருகிறது. எனினும் கிணற்றை மறந்த குடும்பம் இங்கு அரிது. வீடு வாங்குவோர் கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்த்தல் வேண்டும். தம்முடைய குழியை மட்டுமன்றி, வேலிக்கு அப்பாலுள்ள அயலவரின் குழியையும் அளத்தல் வேண்டும். மணல் எதனையும் வடிகட்டும் என்று நம்புவது, வீடுகள் நெருங்கிய இடங்களில் ஆபத்தாகும்.

ஒருநாள் மாலை மூவரும் அவ்வளவுக்குச் சென்றோம். அத்திவாரக் கற்கள் மணலுள் அரைவாசி புதைந்து கிடந்தன. கிணற்றுக் கட்டு மாத்திரம் பழுதின்றி இருந்தது. கரைவலை இழுப்போர் அங்கே கைகால் கழுவிக் குடித்துச் செல்வதாகத் தெரிந்தது. புதுக் கயிறும் வாளியும் கட்டப்பட்டிருந்தன. என் மனைவி ஒரு வாளி நீரை அள்ளி, உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள். சிறிது நேரம் எதுவும் பேசவில்லை.

“தண்ணி நல்லாத்தான் இருக்கு. ஆனா இஞ்ச நம்மட பிள்ளைய வைக்க என்னால ஏலாது,” என்றாள்.

மகள் மறுமொழி கூறவில்லை. தன் சிற்றன்னையின் முகம் அவளுக்கு நினைவில் இல்லை. அன்று அவளுக்கு ஐந்து வயது. பின்னர் தனியே என்னிடம், “அப்பா, கடற்கரையில இன்னும் சனம் இருக்குதானே. அவங்களும் பிள்ளை குட்டியோடதான இருக்காங்க?” என்று கேட்டாள். அது நேர்மையான கேள்வி. கடலில் தொழில் செய்வோர்க்குக் கடலை விட்டு வாழ இயலாது. உட்பகுதியிற் குடியேற்றப்பட்ட மீனவர் பலர் விடியுமுன் தோணியை நோக்கி நெடுந்தூரம் செல்லவேண்டியதாயிற்று. அவர்களுக்குக் கடற்கரை வாழ்வு தெரிவு அன்று, தேவை. எங்களுக்கோ அது தெரிவு. தெரிவு உள்ளவன், அத்தெரிவு இல்லாதவனின் துணிவைக் காட்டித் தன் முடிவை நியாயப்படுத்தலாகாது. மகளிடம் இவ்வளவுதான் சொன்னேன். அவளும் ஏற்றுக்கொண்டாள்.

இரண்டாவது இடமாகிய புளியந்தீவின் சிறப்பு வேறுவகை. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும், புனித மிக்கேல் கல்லூரியும், பழைய கச்சேரியும், கடைத்தெருவும் அடுத்தடுத்து அமைந்த இடம் அது. அங்கே நாங்கள் பார்த்தது ஓட்டுக் கூரையும் நீண்ட விறாந்தையும் தடித்த சுவரும் கொண்ட பழைய வீடு. உச்சி வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி. கட்டியவர்கள் வாவிக்காற்றையும் வாடையையும் நன்கு அறிந்தவர்கள் என்பது சாளரங்களின் அமைப்பிலிருந்து விளங்கிற்று. வீட்டின்மேல் எனக்கு ஆசை உண்டாயிற்று என்பதை மறைக்கவில்லை.

ஆனால் வீட்டுக்கு எத்தனை வாசல்கள் இருந்தனவோ அதனினும் அதிகமான உரித்தாளிகள் இருந்தனர். உறுதி முதியவர் ஒருவர் பெயரில் இருந்தது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள். பிள்ளைகள் எழுவர். அவர்களுட் சிலர் கனடாவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். ஒருவர் இறந்து, அவருடைய பங்கு பேரர்களிடம் சென்றிருக்கிறது. இருவருடைய அற்றோணித் தத்துவப் பத்திரங்கள் கையில் இருந்தன. ஏனையோருடையவை “வரும்” என்று கூறப்பட்டது. போர்க்காலத்தில் ஊரைவிட்டு அகன்றவர்களின் வீடுகளிற் பிறர் குடியிருந்தமையும் இங்குப் பொது அனுபவம். 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி, எதிரிடையாகப் பத்தாண்டுகள் இடையறாது ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம். போரினால் வழக்குத் தொடர இயலாதவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடாது விட 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. ஆகவே இப்பகுதியில் வீடு வாங்குவோர், உறுதியில் யார் பெயர் உள்ளது என்பதோடு, அவ்வாண்டுகளில் அங்கு யார் வாழ்ந்தனர் என்பதையும் கேட்டறிதல் நலம். நொத்தாரிசு ஒருவர் காணிப் பதிவகத்து ஏடுகளைப் பின்னோக்கித் தேடி ஆராய்ந்து கூறுமுன்னர், முற்பணம் என ஒரு சதமும் கொடுத்தலாகாது. எங்கள் நொத்தாரிசு ஏடுகளைப் பார்த்துவிட்டு, “இது வீடு அல்ல சேர், பாகப்பிரிவினை வழக்கு,” என்று சிரித்தார். அவர் என் பழைய மாணவர். தமிழில் அவருக்கு எப்போதும் நல்ல புள்ளிகள் உண்டு.

தீவு கடலலைக்கு ஒதுங்கியது எனினும், காற்றுக்கு ஒதுங்கியதன்று என்பதையும் இங்குக் கூறவேண்டும். 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி கரை, தீவு என்று வேற்றுமை பாராட்டவில்லை. மாவட்டமெங்கும் தென்னைகள் முறிந்தன, கூரைகள் பறந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பழைய ஓட்டுவீடு வாங்குவோர் ஓட்டின் அழகைவிட, அதனைத் தாங்கும் மரத்தின் நிலையையும், சுவரோடு அது பிணைக்கப்பட்ட முறையையும் ஏணி வைத்து ஏறிப் பார்த்தல் வேண்டும். புதுக் கொங்கிறீற்று வீடாயின், கடற்காற்றின் உப்பு உட்சென்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்திருக்கிறதா என்று தூண்களையும் விளிம்புகளையும் நோக்குக. துருவேறிய கம்பி பருத்துச் சீமெந்தை வெடிக்கச் செய்யும். வெள்ளையடித்து அதனை ஓர் ஆண்டுக்கு மறைக்கலாம். அதற்குமேல் மறைக்க இயலாது.

மூன்றாவது, வாவிக்கரைக் காணி. கண்ணுக்கு இனியது அதுவே. எதிரே படுவான்கரையில் ஞாயிறு படுவது தெரியும். தோணிகள் அமைதியாகச் செல்லும். கோடையில் அதனைப் பார்ப்பவன் அன்றே முற்பணம் கொடுக்க விரும்புவான். ஆனால் வாவிக்கு மாரி என்று ஒரு முகமும் உண்டு. படுவான்கரைக் குளங்களும் ஆறுகளும் பெருகிவந்து வாவியில் சேரும்போது, முகத்துவாரத்தைக் கோடைமணல் அடைத்திருந்தால் நீர் போக்கிடமின்றிக் கரையேறும். அப்போது மணலை வெட்டி வாயைத் திறந்துவிடுவார்கள். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியதைப் பலரும் நினைவிற் கொண்டிருப்பர்.

நாங்கள் அக்காணியை அளந்துகொண்டிருந்தபோது, அயலில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்துவந்தார். “மாஸ்ரர், காணிய பாக்கிறதெண்டா மார்கழியில வந்து பாருங்க,” என்று சொல்லித் தம் வீட்டுச் சுவரைக் காட்டினார். முழங்காலளவில் ஒரு மங்கிய கோடு தெரிந்தது. அவரே மேலும் ஒன்று கூறினார்: நாங்கள் நின்ற இடம் முன்பு கண்டல் மரங்கள் நின்ற சதுப்பு, கிரவல் கொட்டி நிரப்பப்பட்டது. கண்டல் வேர்கள் கரையைக் காக்கும். இறாலுக்கும் மீனுக்கும் அவை தொட்டில். அவற்றை வெட்டி நிரப்பிய நிலம் காலப்போக்கில் அமிழும்; அங்கே மறிபடும் நீர், அயலவரின் முற்றத்துக்குச் செல்லும். விலை பேச வந்தவரின் நில அளவைப் படத்திலே இவற்றுள் எதுவும் இல்லை. முதியவரின் சுவரில் எல்லாம் இருந்தது.

இறுதியில் நாங்கள் வாங்கியது இம்மூன்றுமன்று. கடலுக்கும் வாவிக்கும் ஏறத்தாழ நடுவே, பிரதான வீதி செல்லும் மணல்மேட்டை அண்டி, பதினொரு பேர்ச்சஸ் நிலத்தில் இரண்டு அறைகளோடு அமைந்த ஒரு சிறு வீடு. கடல் தெரியாது, வாவியும் தெரியாது. வண்டிகளின் இரைச்சல் உண்டு. ஆனால் அயலவர் மூவரைத் தனித்தனியே கேட்டபோது, 2011 வெள்ளம் படியேறவில்லை என்று மூவரும் ஒரேவகையாகக் கூறினர். பாலத்துக்கும் பாடசாலைக்கும் நடந்து செல்லலாம். கிணறு நல்லது, குழிகள் தொலைவில் உள்ளன. உறுதி ஒரே பெண்ணின் பெயரில் இருந்து, அவளால் நேரே கைச்சாத்திடப்பட்டது. அதனை மகளின் பெயருக்கே எழுதுவித்து, சீவிய உரித்தைத் தாய்க்கு வைத்தோம். என் பெயர் அதில் இல்லை. இவ்வூர் வழக்கப்படி இருக்கவும் வேண்டியதில்லை.

தங்கையின் வளவை விற்கவுமில்லை. அதில் வீடு கட்டவுமில்லை. மைத்துனரும் என் மனைவியும் கலந்து பேசி, கிணற்றைத் திருத்திக் கரைவலைக்காரரின் பொதுப் பாவனைக்கு விட்டுவைத்தனர். தாழையும் தென்னையும் நட்டிருக்கிறார்கள்.

கரையோரத்தில் வீடு தேடும் அன்பர்களுக்கு, முக்கியமாக ஆயுட்காலச் சேமிப்பை ஒரே வீட்டில் இடும் ஆசிரியத் தோழர்களுக்கு, நான் கூற விரும்புவது சிலவே. காணியைக் கோடையில் ஒருமுறையும் மாரியில் ஒருமுறையும் பாருங்கள். பகலில் மட்டுமன்றி இரவிலும் சென்று, கடலிலிருந்து மேட்டுநிலத்துக்குச் செல்லும் வழியைக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து, எத்தனை நிமிடம் செல்கிறது என்று அறியுங்கள். உறுதியை நொத்தாரிசிடமும், கட்டட அனுமதியை மாநகர சபையிடமும் கரையோரத் திணைக்களத்திடமும், வெள்ளத்தை அயலவரிடமும் கேளுங்கள். ஒருவரிடம் கேட்கவேண்டியதை மற்றவரிடம் கேட்டு அமையாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வீட்டில் நெடுங்காலம் வாழப்போகும் பெண்களைக் கேளுங்கள். விலையும் சட்டமும் நீரும் நிலமும் பொருந்திய இடத்திலும், இரவில் அவர்களுக்கு உறக்கம் வராதென்றால் அது குடியிருக்கத்தக்க இடமன்று.